குறை காணப்படவில்லை

டூபாய்ஸ், வயோமிங்
ஆகஸ்ட் 14, 1990

அக்கா வெர்னாவுக்கு,

ராய்ஸ் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, கூடவே ஒரு பார்சல் வருகிறது. ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறவன் நலம் விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் வராது என்று உனக்கே தெரியும். நன்றாக இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். என் துப்பாக்கியின் மேல் குறிபார்க்க மாட்டியிருக்கும் ஸ்கோப் உங்கள் கம்பெனிச் சரக்கு. பதினொரு வருஷம் ஒரு தொல்லை கொடுத்ததில்லை. இந்தக் கோடையில் கெட்டுப் போய்விட்டது. உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பி நடுவில் வளைந்து தெரிகிறது. கண்ணாடிக்கு நட்டநடுவில் ஏதோ அழுக்கு வேறு. எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை, உள்ளே புகுந்த அழுக்கு. ஆயுள் முழுக்க வாரண்டி என்று பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். யாருடைய ஆயுள் என்று போடவில்லை. என்னுடையதா, ஸ்கோப்புடையதா?

வாங்கின கடையிலேயே கொடுத்து அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். எம்மெட் விடவில்லை. அவனை உனக்குத் தெரியாது. இருபது வருஷமாக என்னோடு மலையில் கிடக்கிறான். வெளியூர் வேட்டைக்காரர்களைக் கூட்டிப்போய் எல்க் மான் காட்டுவது என் வேலை. அவர்கள் சுட்டதைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக் கீழே கொண்டுவருவது அவன் வேலை. "உங்க அக்காதானய்யா அங்க வாரண்டி மேசையில உக்காந்திருக்கு? அதுக்கு அனுப்ப என்ன கேடு உனக்கு? கோவத்த மடிச்சுப் பையில வெச்சுக்க, சீசன் வருது" என்றான். அவன் பேச்சைத் தட்டினால் காலையில் காப்பி கிடைக்காது.

செப்டம்பர் முடிவதற்குள் வேண்டும்.

ராய்ஸ்


ராப்பிட் சிட்டி, தெற்கு டகோட்டா
செப்டம்பர் 6, 1990

என் தம்பி ராய்ஸுக்கு,

கிழித்துப் போடுவதா? மூன்று தடவை படித்தேன். மத்தியானம் சாப்பிடும்போது மைலோவிடமும் படித்துக் காட்டினேன். மைலோ அடுத்த அறையில் ரிப்பேர் மேசையில் இருக்கிற பையன். பையன் என்கிறேன், நாற்பது வயதாகிறது. யாருடைய ஆயுள் என்று நீ கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தான்.

உன் ஸ்கோப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சீட்டில் எல்லாம் எழுதியிருக்கிறது: குறுக்குக் கம்பி மாற்றப்பட்டது, உட்புறம் சுத்தம் செய்யப்பட்டது, சோதிக்கப்பட்டது. மாட்டியதும் அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே. அட்டையில் பத்துக் குண்டாவது சுட்டுக் குறியைச் சரிபார்த்துக்கொள். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் ஹார்லன் போய் மூன்று வருஷமாகிறது. உனக்குச் சொல்லி அனுப்பினேன். வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகட்டும். அப்பாவைப் புதைத்த அன்று எல்லோர் எதிரிலும் நீ என்னைக் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "கண்ணு தெரியாத மனுஷன ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிட்டியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்றாய். பண்ணையை விற்றதையும் அவரை முதியோர் இல்லத்தில் விட்டதையும் நான் சந்தோஷமாகச் செய்யவில்லை. இதற்கு மேல் அதைப் பேச வேண்டாம். ஒரு கெட்டுப்போன ஸ்கோப் உன்னை எழுத வைத்தது, எனக்கு அது போதும்.

எம்மெட்டுக்கு என் வணக்கம் சொல். அவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும்.

அன்புள்ள அக்கா,
வெர்னா


டூபாய்ஸ்
நவம்பர் 25, 1990

அக்காவுக்கு,

சீசன் முடிந்து இப்போதுதான் கால் நீட்டி உட்காருகிறேன். டெக்ஸாஸிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். காலில் போட்டிருந்த பூட்ஸில் விலைச்சீட்டுகூடப் பிய்க்கவில்லை. மூன்றாவது நாள் எம்மெட்டிடம் போய், "ஏம்ப்பா, இந்த மலையில நெஜமாவே எல்க் இருக்கா, இல்ல சும்மா வியாபாரமா?" என்று கேட்டிருக்கிறார். எம்மெட் அசரவில்லை. "இருக்கு சார். உங்க பூட்ஸ் போடுற சத்தத்துல பக்கத்து மாநிலத்துக்குக் குடி போயிருச்சு." ஆனாலும் ஐந்தாம் நாள் அவருக்கு ஒரு நல்ல ஆண் எல்க்கைக் காட்டிக் கொடுத்தேன்.

ஸ்கோப் பரவாயில்லை. கம்பி இன்னும் லேசாக நெளிகிற மாதிரி இருக்கிறது, பழக வேண்டும் போல. ஆனால் இப்போது வேறு தலைவலி. எட்டத்து மலையைப் பார்க்கிற என் ஒற்றைக்கண் தொலைநோக்கியும் உங்கள் கம்பெனியுடையதுதான். அதிலும் நடுவில் அதே மாதிரி அழுக்கு. என்ன சரக்கு செய்கிறீர்கள் அங்கே? வாங்கின தேதி, சீட்டு எல்லாம் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

எம்மெட் புகைபோட்ட எல்க் இறைச்சி ஒரு பொட்டலம் உனக்கென்று கட்டியிருக்கிறான். மைலோவுக்குக் கொஞ்சம் கொடு. ஹார்லன் விஷயத்துக்கு நான் வராதது தப்புதான். எழுதிவிட்டேன், திரும்பச் சொல்லச் சொல்லாதே.

ராய்ஸ்


ராப்பிட் சிட்டி
ஜனவரி 11, 1991

அன்புத் தம்பிக்கு,

இறைச்சி வந்தது. மைலோவுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை நானே தின்று தீர்த்தேன், அவ்வளவு ருசி.

தொலைநோக்கியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சீட்டு உள்ளே இருக்கிறது. லென்ஸ் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது.

உனக்கு ஐம்பத்திரண்டு முடிகிறது. ரிவர்ட்டனுக்குச் சாமான் வாங்கப் போகும்போது ஒரு கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வாயேன். இந்த வயதில் எல்லோரும் காட்டிக்கொள்கிறார்கள். நானும் போன மாதம்தான் காட்டினேன். சும்மா சொன்னேன்.

இங்கே பனி முழங்கால்வரை கிடக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

வெர்னா


டூபாய்ஸ்
ஆகஸ்ட் 19, 1991

அக்காவுக்கு,

மறுபடி ஸ்கோப் வருகிறது. கம்பி பழையபடி வளைந்துவிட்டது, இந்தத் தடவை இன்னும் மோசம். மைலோவிடம் சொல், அவன் போட்டது கம்பியா நூடுல்ஸா?

கண் டாக்டரிடம் போ என்று எழுதியிருந்தாயே, எம்மெட்டுக்குப் படித்துக் காட்டினேன். நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம். வசந்த காலத்தில்தான் டிரைவிங் லைசென்ஸ் புதுப்பித்தேன், சுவரில் தொங்கவிட்ட எழுத்தையெல்லாம் கடைசி வரிவரை படித்தேன். ஒரு மைலுக்கு அப்பால் நிற்கிறது ஆணா பெண்ணா என்று சொல்லித்தான் இருபது வருஷமாகச் சாப்பிடுகிறேன். கம்பெனிக்காரி ஆகிவிட்டாய், சரக்கை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, அதுதானே?

கோபிக்காதே. இன்னொன்று. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வரலாமா என்று பார்க்கிறேன். எம்மெட்டையும் கூட்டி வருவேன், அவனுக்கும் போக ஆளில்லை. அப்பாவைப் புதைத்த இடத்துக்கு ஒருநாள் நாம் இருவரும் போவோம். அன்று நான் பேசியது அதிகம்.

ராய்ஸ்


ராப்பிட் சிட்டி
செப்டம்பர் 12, 1991

என் ராய்ஸுக்கு,

கட்டாயம் வா. மாடி அறையைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டேன். எம்மெட்டுக்குக் கீழே ஹார்லனின் அறை இருக்கிறது. அவருக்கு என்ன பிடிக்கும் என்று எழுது.

ஸ்கோப் சரியாகிவிட்டது. குறுக்குக் கம்பி மாற்றப்பட்டது, உள் சுருள்வில்லும் மாற்றப்பட்டது. சீட்டைப் பார்த்துக்கொள்.

எத்தனை நாள் தங்குவாய்?

அக்கா


காஸ்பர், வயோமிங்
நவம்பர் 2, 1991

அக்கா,

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. எம்மெட்டைச் சுட்டுவிட்டேன். உயிரோடு இருக்கிறான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இடது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

வேட்டைக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். என் பங்கு எல்க் இன்னும் பாக்கி இருந்தது, குளிர்காலத்துக்கு இறைச்சி வேண்டும். போன வாரம் ஒரு நாள் காலையில் மேட்டில் ஏறி உட்கார்ந்தேன். கீழே பைன் மரங்களுக்கு நடுவே பெரிய கொம்பு அசைந்தது. முந்நூறு கஜம் இருக்கும். ஸ்கோப்பில் பார்த்தேன், கொம்பு தெரிந்தது, தோள் தெரிந்தது, சுட்டேன். கோவேறு கழுதை விழுந்தது. பிறகுதான் மனுஷன் கத்துகிற சத்தம் கேட்டது. கடைசி வேட்டைக்காரன் சுட்ட எல்க்கை எம்மெட் கழுதைமேல் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறான், கொம்பு சுமைக்கு மேலே. ஆற்றோரப் பாதையில் வருவான் என்று நினைத்தேன். அங்கே மரம் விழுந்து கிடந்ததால் மேலே ஏறி வந்திருக்கிறான். குண்டு கழுதையைத் துளைத்து அவன் காலில் பாய்ந்தது.

கொம்பு ஏற்றி வருகிறவன் எவனும் அதில் ஆரஞ்சுத் துணி கட்டாமல் வரமாட்டான். அதற்காகத்தானே கட்டுவது! "ரெண்டு கொம்புலயும் கட்டினேன்டா, உன்மேல சத்தியமா" என்கிறான். ஷெரிப் எடுத்து வந்து காட்டினார், கட்டித்தான் இருந்தது. கை அகலத் துணி. நான் பார்த்தபோது அது இல்லை அக்கா. எனக்குத் தெரியவே இல்லை.

எம்மெட் என்னைத் திட்டக்கூட இல்லை. "நீ குறி தப்புறவன் இல்ல. அந்தக் கண்ணாடிதான் சதி பண்ணிருச்சு. ரெண்டு தடவ அனுப்பின சாமான்தானே? கம்பெனிக்காரன விடாத" என்கிறான். வக்கீல் ஒருவர் வந்து உன் சீட்டுகளை எல்லாம் வாங்கிப் பார்த்தார். "கெட்டுப்போன சரக்குன்னு அவங்களே மூணு தடவ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். எழுதியதை எழுதினேன் என்று மட்டும் சொல். எம்மெட்டுக்கு இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. அவன் கதி உன் கையில் இருக்கிறது.

கேஸ் முடிந்ததும் எனக்கு வேறு ஸ்கோப் வாங்கிக்கொடு, புதுசாக. அடுத்த வருஷம் இரண்டு பேர் வேலையையும் நானே பார்த்தாக வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது.

ராய்ஸ்


ராப்பிட் சிட்டி
டிசம்பர் 4, 1991

ராய்ஸ்,

உனக்கு எழுதக் கூடாது என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

உன் ஸ்கோப்பில் ஒரு கோளாறும் இல்லை. முதல் தடவையும் இல்லை, இரண்டாம் தடவையும் இல்லை. மைலோ அதைச் சோதனைக் கருவியில் மாட்டிப் பார்த்துவிட்டு, "தூக்குக்குண்டு நூல் மாதிரி நேரா நிக்குதுக்கா. இதுல நான் எதை ரிப்பேர் பண்றது?" என்றான். ஒரு கம்பியும் மாற்றவில்லை. சுருள்வில்லும் மாற்றவில்லை. சீட்டில் இருப்பதெல்லாம் நானாக எழுதியது.

இங்கே ஒரு விதி உண்டு. குறை காணப்படவில்லை என்று எந்தச் சீட்டிலும் எழுதக் கூடாது. எங்கள் மேனேஜர் ஹாஸ்கின்ஸ் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வது அதுதான். "அப்படி எழுதினா கஸ்டமரைப் பொய்யன்னு சொல்றதா அர்த்தம். அவன் இன்னொரு கடைக்குப் போயிருவான்." அதனால் துடைத்தோம், முறுக்கினோம், சோதித்தோம் என்று எதையாவது எழுதி அனுப்புவோம். வருகிற பார்சலில் பாதி அப்படித்தான். இருபத்தாறு வருஷமாக எழுதுகிறேன், கை தானாக எழுதும். முதல் தடவை உனக்கும் அப்படித்தான் எழுதினேன். நீ ரோஷக்காரன் ஆயிற்றே என்று கம்பி மாற்றியதாக ஒரு வரி சேர்த்தேன்.

உன் தொலைநோக்கி வந்ததே, அன்றைக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கண்ணாடியில் ஒரே இடத்தில் ஒரே அழுக்கு இருக்க முடியாது. இரண்டையும் நீ வலது கண்ணில் வைத்துத்தான் பார்க்கிறாய். மற்ற நேரமெல்லாம் இடது கண் அதை ஈடுகட்டிவிடுகிறது. அதனால்தான் லைசென்ஸ் எழுத்தை நீ படித்தாய். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பத்திரிகையில் வரி கோணலாக இருக்கிறது என்று அச்சகத்துக்குப் போன் போட்டுச் சண்டை போடுவார். நான் அவரை நம்பினேன். இரண்டு வருஷம் நானும் பத்திரிகைக்காரனையே திட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் கூட்டிப் போனபோது நேரம் கடந்துவிட்டது.

அதையெல்லாம் உனக்கு எழுதினேன் ராய்ஸ். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவு நிலையைப் பார், கோணலாகத் தெரிந்தால் அன்றே ஓடு என்று முழுப்பக்கம் எழுதினேன். எழுதிக் கிழித்துவிட்டு, சும்மா சொன்னேன் என்று இன்னொன்று அனுப்பினேன். கண் சரியில்லை என்று சொல்கிறவர்களை நீ மன்னிக்க மாட்டாய். உன் பிழைப்பே போய்விடும். மறுபடி ஒன்பது வருஷம் எழுதாமல் இருந்துவிடுவாய். மறைக்காமல் சொல்கிறேன், உன் கடிதம் வேண்டும் என்பதற்காகவே உன் கண்ணை விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று நீ எழுதியபோது கொஞ்சம் மிச்சம் இருந்த தைரியமும் போய்விட்டது. அந்த வாரம்தான் மூன்றாவது சீட்டை எழுதினேன்.

நீ புது ஸ்கோப் கேட்காமல் இருந்திருந்தால் இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேனோ என்னவோ. என்னை எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் அடுத்த வருஷம் நீ மறுபடி துப்பாக்கியோடு அந்த மேட்டில் உட்காருவாய் என்று படித்ததும் என்னால் முடியவில்லை. விசாரணையில் உண்மையைத்தான் சொல்லப்போகிறேன். ஹாஸ்கின்ஸிடம் சொல்லிவிட்டேன். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். தோளில் தட்டிக் கொடுத்தார். ஸ்கோப் நல்ல ஸ்கோப் என்றால் கம்பெனிக்கு ஒரு பொறுப்பும் இல்லையாம்.

துப்பாக்கியைத் தொடாதே. இந்த வாரமே டாக்டரிடம் போ. எம்மெட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல், வீட்டை விற்கச் சொன்னாலும் விற்கிறேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வெர்னா


டூபாய்ஸ்
பிப்ரவரி 20, 1992

வெர்னா,

லாண்டரில் டாக்டரைப் பார்த்தேன். கட்டம் போட்ட காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்து இடது கண்ணை மூடச் சொன்னார். நடுவில் கட்டங்களே இல்லை. "கோடு வளையுறது எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். தேதி ஞாபகமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பையிலிருந்து உன் சீட்டுகளை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் சீட்டை விரலால் தொட்டு, "இந்த மாசமே வந்திருந்தீங்கன்னா லேசர் வெச்சு நிறுத்திப் பார்த்திருக்கலாம்" என்றார். வலது கண்ணில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை. இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. மாதம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்.

வழிகாட்டி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். துப்பாக்கியை விற்றுவிட்டேன். வக்கீல் உன் வாக்குமூலத்தைப் படித்துவிட்டுக் கேஸ் கட்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய், ஒரு வார்த்தை கூடக் குறை இல்லை. உன் உண்மையும் கடைசியில் கம்பெனிக்குத்தான் பிரயோஜனப்பட்டது.

அப்பா விஷயத்தில் உன்னைத் திட்டினேன். அது தப்பு, அவர் கண் போனது உனக்குத் தெரியாமல் நடந்தது. என் விஷயம் உனக்குத் தெரிந்தே நடந்தது. நான் பாசத்தை வைத்துக்கொண்டு உனக்கு எழுதினேன். நீ கஸ்டமருக்கு எழுதுகிற மாதிரி எனக்கு எழுதினாய். மனசு நோகக் கூடாது, அடுத்த கடைக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான் உன் கணக்கு. நான் உன் தம்பி, வெர்னா. என்னைத் திட்டியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்திருக்கும், ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பேன். எம்மெட் இரண்டு காலோடு இருந்திருப்பான்.

வீட்டை விற்க வேண்டாம். உன் பணம் இங்கே வரக் கூடாது.

எம்மெட் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான். கட்டைக்கால் இன்னும் பழகவில்லை, அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டே சமைக்கிறான். என் கண்தான் காரணம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அதைக் கேட்டுவிட்டு எனக்கும் சேர்த்துக் காப்பி ஊற்றினான். உனக்கு முன்னாலேயே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. உன்மேல் அவனுக்கு நல்ல எண்ணம். அது இருந்துவிட்டுப் போகட்டும். அவனிடம் மிச்சம் இருக்கிறதே கொஞ்சம்தான்.

"அக்காவுக்கு எழுதுய்யா, பாவம் ஒண்டியா இருக்கும், கிறிஸ்துமஸுக்கும் நாம போகல" என்று தினமும் நச்சரிக்கிறான். இன்றைக்கு எழுதிவிட்டேன் என்று சொல்வேன். நாளையிலிருந்து பதில் வந்ததா என்று கேட்க ஆரம்பிப்பான். வரவில்லை என்று சொல்லப்போகிறேன். அவனிடம் நான் பொய் சொல்லும்படி செய்துவிடாதே.

ராய்ஸ்